மூன்றாம் நம்பர் துரிஞ்சி மரம்

மண் மூச்சு விடுகிறது என்று என்னிடம் முதல் முறையாகச் சொன்ன அன்று, நான் கீழே படுத்து மண்ணில் காதை வைத்துக் கேட்டேன். யாரும் பார்க்காத நேரத்தில் கேட்டிருந்தாலாவது மானம் தப்பியிருக்கும். சொன்ன அதிகாரியின் காலடியிலேயே, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு படுத்தேன். துரைசாமி சார் சிரிக்கவில்லை. நான் எழுந்து, காதுக்குள் போன கட்டெறும்பை எடுத்துப் போட்டு, சட்டையைத் தட்டி முடிக்கும் வரை பொறுமையாக நின்றார். அப்புறம் கேட்டார்.

"கேட்டுதா?"

"இல்ல சார்."

"எனக்கும் கேட்டதில்ல. அதனாலதான் டப்பா வெக்கிறோம்."

போன மாதம் எனக்குப் பிரிவுபசார விழா நடந்தது. எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் கையடக்கமான ஒரு மெஷினைக் கொண்டுவந்து மண்மேல் வைத்தாள். இரண்டே நிமிஷத்தில் மண் விடும் மூச்சின் அளவு எண்ணாக வந்தது. "இது இல்லாத காலத்துல என்ன சார் பண்ணீங்க?" என்று கேட்டாள். தகர டப்பா வைத்தோம் என்றேன். மாலையைப் போட்டுக்கொண்டு மேடையில் உட்கார்ந்திருந்தவனால் அதற்கு மேல் விளக்க முடியவில்லை. அதனால் இப்போது எழுதுகிறேன்.

அறுபதுகளின் நடுவில் எனக்கு அந்த வேலை கிடைத்தது. பதவியின் பெயர் களப் பணியாளர், தற்காலிகம். காவிரிப் பக்கத்துக்காரன் நான். என் அப்பா ஒரு மிராசுதாரின் வயலில் நடவும் அறுப்புமாக இருந்தவர். எங்கள் தெருவில் பத்தாம் வகுப்பு தாண்டிய முதல் ஆள் நான்தான். சென்னையில் மூன்று வாரம் பயிற்சி கொடுத்தார்கள். அதில் நான் கற்றுக்கொண்டது அமிலம் பிடிப்பது, உடைத்தது இரண்டு பியூரெட் கண்ணாடிக் குழாய். பிறகு ஒரு டிரங்குப் பெட்டியோடு செஞ்சிக்கு பஸ் ஏற்றிவிட்டார்கள்.

தண்ணீரும் சேறுமாக வளர்ந்தவனுக்கு செஞ்சி எப்படி இருக்கும்? யாரோ லாரி லாரியாகப் பாறையைக் கொண்டுவந்து கொட்டிவிட்டு அடுக்க மறந்து போனது மாதிரி இருந்தது. ஊருக்கு வெளியே, குன்றுகளுக்கு நடுவில் இருந்த முட்காட்டு ஓரத்தில் எனக்கு ஒரு ஓட்டுக் கொட்டகை. காடு என்றதும் நான் யானையெல்லாம் நினைத்து வைத்திருந்தேன். இங்கே காரைப் புதர், சூரை முள், கள்ளி, நடுநடுவே துரிஞ்சி மரம். வருஷத்தில் பாதி நாளுக்கு மேல் மண் அடுப்புச் சாம்பல் மாதிரி காய்ந்து கிடக்கும்.

துரைசாமி சாரின் கேள்வி ஒன்றே ஒன்றுதான். இப்படிப் பாலைவனம் மாதிரி காய்ந்த காட்டில் மண் எவ்வளவு மூச்சு விடும் என்பதை முடிவு செய்வது மண்ணா, மேலே நிற்கும் செடியா? மண்ணுக்குள் வேரும் கண்ணுக்குத் தெரியாத கோடி உயிர்களும் இருக்கின்றன. அவை விடும் கரிக்காற்று மேலே வருகிறது. அதை அளக்க வேண்டும். துரிஞ்சி மரத்தடியில் நாலு இடம், காரைப் புதரடியில் நாலு, ஒன்றுமே முளைக்காத வெட்டவெளியில் நாலு. ஆக மொத்தம் பன்னிரண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர் போட்டு முளை அடித்தோம்.

வேலை முறை இதுதான். டப்பா வைக்கும் இடத்தில் ஒரு முழ வட்டத்துக்குச் சருகையும் முள்ளையும் நீக்கிவிட வேண்டும். காலை ஆறு மணிக்கு ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் சோடாக் காரக் கரைசலை ஊற்றி, மூன்று கால் உள்ள கம்பி வளையத்தின் மேல் அந்த வட்டத்தில் வைக்க வேண்டும். அதன்மேல் மூடி இல்லாத தகர டப்பாவைக் கவிழ்த்து, விளிம்பை இரண்டு விரல் ஆழத்துக்கு மண்ணில் அழுத்த வேண்டும். ஓரத்தில் மண்ணை அணைத்துவிட வேண்டும். உள்ளே மண் விடுகிற மூச்சைக் காரம் குடித்துக்கொண்டே இருக்கும். மதியம் பன்னிரண்டுக்கு எடுத்து, கிண்ணத்துக் கரைசலைப் பாட்டிலில் ஊற்றி, கார்க் அடைத்துக் கொட்டகைக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே இரண்டு சொட்டு மருந்து விட்டால் கரைசல் ரோஸ் நிறமாகும். பியூரெட்டிலிருந்து அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டு வந்தால் ஒரு சொட்டில் அந்த நிறம் பட்டென்று காணாமல் போகும். எத்தனை அமிலம் செலவானதோ அதை வைத்து மிச்சமிருந்த காரத்தைக் கணக்குப் பண்ணலாம். மிச்சம் குறைவென்றால் மண் அதிகம் மூச்சு விட்டிருக்கிறது. மண்ணின் ஈரம் பார்க்கவும் கொஞ்சம் மண் எடுக்க வேண்டும். டப்பா வைக்கும் இடத்தைக் கலைக்கக் கூடாது என்பதால் அதை ஒரு முழம் தள்ளி எடுக்கச் சொல்லியிருந்தார் சார். இந்த ஒரு முழத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

டப்பாக்களைச் செய்து கொடுத்தவர் கடைத்தெருவில் தகரக் கடை வைத்திருந்த இஸ்மாயில் பாய். மூடி இல்லாமல் பன்னிரண்டு டப்பா என்றதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மூடி வாணாமா தம்பி? அப்ப உள்ள இன்னா போட்டு வெக்கப் போறே?"

"ஒண்ணும் போட மாட்டேன் பாய். கவுத்து வெப்பேன்."

"கவுத்து வெக்கற டப்பாவுக்கு அடி எதுக்கு, தல எதுக்கு. செரி வுடு. கவர்மெண்டு டப்பா. கேக்கக் கூடாது."

ஊருக்குள் வேறு யாரோடும் அவ்வளவு பேச்சுகூட எனக்கு இல்லை. காரணம் சொல்லிவிடுகிறேன். புது ஆளைப் பார்த்தால் யாரும் கேட்கிற முதல் கேள்வி எந்த ஊர். சொல்லிவிடலாம். அடுத்தது, ஊரில் எந்தத் தெரு. அதற்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் எனக்காக வெளியே வந்த தண்ணீர்ச் சொம்பு திரும்ப உள்ளே போய்விடும். இரண்டு வீட்டில் அப்படிப் போனதைப் பார்த்தேன். மூன்றாவது வீட்டுக்கு நான் போகவில்லை. அரிசி, உப்பு, மண்ணெண்ணெய் வாங்க வாரம் ஒரு நாள் கடைத்தெரு. வாங்கினோமா, வந்தோமா என்று இருப்பேன். மற்ற ஆறு நாளும் கொட்டகை, காடு, பன்னிரண்டு டப்பா.

காட்டுக்குள் வந்து பேசுகிற ஒரே ஆள் ஆடு மேய்க்கும் அஞ்சலை. பேச்சென்றால், தூரத்தில் நின்று கத்துவாள்.

"இன்னா சார், கோட்ட ராஜா பொதையலு கெடச்சுதா?"

"பொதையல் இல்லம்மா. மண்ணு மூச்சு விடறத அளக்கறோம்."

"ஆமா ஆமா. டப்பாவக் கவுத்து வெச்சா பொதையலு தானா மேல வரும். எங்கூருல அல்லாரும் பேசிக்கறாங்க."

ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தால் வெட்டவெளியில் இருந்த நாலு இடத்திலும் முழங்கால் ஆழத்துக்குக் குழி. யாரோ தோண்டிப் பார்த்துவிட்டு ஏமாந்து போயிருந்தார்கள். புதிதாக நாலு இடம் பார்த்து முளை அடித்தேன். உண்மையில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. நான் செய்கிற வேலையில் யாரோ அக்கறை காட்டியிருக்கிறார்கள்.

மதியம் பாட்டில்களைக் கட்டிக்கொண்டதும் பசிக்கும். காலையிலேயே தூக்குச் சட்டியில் கஞ்சி கொண்டு போயிருப்பேன். கடைசியாக எடுக்கும் டப்பா மூன்றாம் நம்பர் துரிஞ்சி மரத்தடியில் இருந்தது. அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுவேன். அந்த மரம் கொஞ்சம் மேட்டில் இருந்தது. அங்கிருந்து திருவண்ணாமலை ரோடு தெரியும். பன்னிரண்டரைக்கு ஒரு பஸ் வளைவில் ஹாரன் அடித்துக்கொண்டு போகும். எனக்குத் தெரிந்தவர் யாரும் அதில் வரப் போவதில்லை. ஆனாலும் அது போகும் வரை வாயில் இருக்கும் கஞ்சியை விழுங்க மாட்டேன். அப்புறம் மரத்திடம் ஏதாவது பேசுவேன். பெரும்பாலும் துரைசாமி சார் மாதிரி பேசிக் காட்டுவேன். மரம் அவரைப் போலவே சிரிக்காது.

துரைசாமி சார் மாதம் ஒரு முறை சென்னையிலிருந்து வருவார். ஐம்பது வயசு இருக்கும். தன்னை விட முப்பது வயசு சின்னவனான என்னிடமும் வாங்க போங்கதான். எண்கள் எழுதிய நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, ஆள்காட்டி விரலை ஒவ்வொரு வரிக்கும் கீழே நகர்த்திக்கொண்டே போவார். சரியாக இருந்தால் "ம்." சந்தேகம் வந்தால் விரல் நின்றுவிடும். சந்தோஷம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைக்க வேண்டிய அவசியமே இருக்காது.

மூன்றாம் மாதத்தில் அந்தக் கண்ணாடி நாலு முறை துடைக்கப்பட்டது. வெட்டவெளி மண் மிகக் குறைவாக மூச்சு விட்டது. புதரடி அதைவிடக் கொஞ்சம் கூட. மரத்தடி அதைவிடக் கூட. அதெல்லாம் அவர் எதிர்பார்த்ததுதான். சருகும் வேரும் இருக்கிற இடம் அல்லவா? ஆனால் மூன்றாம் நம்பர் மரத்தடி மட்டும் மற்ற மரத்தடிகளைப் போல மூன்று மடங்கு. சித்திரையில் ஒரு கோடை மழை பெய்தது. மறுநாள் பதினொரு இடமும் சேர்ந்து பெருமூச்சு விட்ட மாதிரி எகிறி, நாலு நாளில் அடங்கின. மூன்றாம் நம்பர் மட்டும் பெரிதாக அசையவில்லை. ஏற்கெனவே மேலே இருந்தது.

"இந்த மரம் மழைய நம்பி இல்ல" என்றார் சார். "வேர் ரொம்பக் கீழ போயிருக்கணும். கீழேருந்து ஈரத்த மேல கொண்டாந்து மண்ணுக்குக் குடுக்குது. இல்லன்னா இப்படி இருக்காது."

அதைப் பார்க்க, டப்பா வட்டத்தைத் தொடாமல் மரத்தின் மறுபக்கத்தில் வேரைத் தோண்டினோம். அக்கினி வெயில். ஐம்பது வயசு மனுஷர் முட்டி போட்டு உட்கார்ந்து கையால் மண்ணை அள்ளி அள்ளிப் போட்டார். நான் கடப்பாரை பிடித்தேன். வேர் போய்க்கொண்டே இருந்தது. "பாத்தீங்களா?" என்றார். எனக்கு என்ன தெரியும்? "ஆமா சார்" என்றேன். மதியம் அவர் கொண்டுவந்த இட்லியை அவரும், கஞ்சியை நானும் சாப்பிட்டோம். மரியாதைக்காக அன்றைக்கு நான் சற்றுத் தள்ளி உட்கார்ந்து, அங்கேயே தூக்கைக் கழுவினேன். அவர் பார்வையில் நான் கழுவிய ஒரே நாள் அதுதான். விதியென்று ஒன்று இருந்தால் அதற்கு நகைச்சுவை உணர்ச்சி ஜாஸ்தி.

பதினோராவது மாதம் அவரிடமிருந்து இன்லண்டு லெட்டர் வந்தது. மூன்றாம் நம்பர் மரத்தைப் பற்றிச் சென்னையில் ஒரு கூட்டத்தில் படிக்கப் போகிறாராம். கட்டுரையை டைப் அடித்தாகிவிட்டது, அடுத்த வாரம் சனிக்கிழமை கொண்டுவந்து காட்டுகிறேன் என்று எழுதியிருந்தார். கடைசி வரியில், இவ்வளவு முக்கியமான கண்டுபிடிப்புக்குக் காரணமான களப் பணியாளரை நிரந்தரம் செய்யச் சொல்லி மேலிடத்துக்கு எழுதியிருப்பதாகவும் இருந்தது. லெட்டரை எட்டு முறை படித்தேன். மரத்திடமும் ஒரு முறை படித்துக் காட்டினேன். நிரந்தரம் என்றால் அந்த மிராசுதாரின் வயலுக்கு நான் ஒருநாளும் திரும்பிப் போக வேண்டாம். அந்த நியமனம் வராவிட்டால் அடுத்த நடவுக்கு அப்பாவோடு நானும் குனிந்து நிற்க வேண்டியதுதான். அப்பாவுக்கு அன்றைக்கே கார்டு போட்டேன்.

அந்த வாரம்தான் எனக்கு வயிற்றுக் கடுப்பு வந்தது. ஐந்து நாள் கஞ்சி இல்லை. காலையில் கொட்டகையிலேயே கொஞ்சம் மோர் குடித்துவிட்டு, மதியம் வெறும் வயிற்றோடு டப்பாவை எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன். மூன்றாம் நம்பர் மெல்ல இறங்க ஆரம்பித்தது. காரம் கெட்டுவிட்டதோ என்று புதிதாகக் கரைத்தேன். பியூரெட்டைக் கழுவினேன். டப்பாவில் ஓட்டை இருக்கிறதா என்று தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். ஐந்தாம் நாள் மூன்றாம் நம்பர் மற்ற மரங்களோடு மரமாகப் போய் நின்றது. மரத்துக்கு என்னவோ ஆகிவிட்டது என்று இலையைத் தடவிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

வயிறு சரியானது. மதியம் பழையபடி அங்கே உட்கார்ந்து கஞ்சி குடித்தேன். பஸ் போயிற்று. தூக்கைக் கழுவி, முள் இல்லாத இடமாகப் பார்த்து ஊற்றினேன். அப்போது அஞ்சலையின் ஆடுகளில் இரண்டு ஓடிவந்து அந்த இடத்தை நக்கத் தொடங்கின. அவை தினமும்தான் வரும், தினமும்தான் விரட்டுவேன். கையில் காலித் தூக்கோடு அன்றைக்குத்தான் அந்த ஆடுகளை நான் சரியாகப் பார்த்தேன். காட்டில் முள் இல்லாத இடம் எது? டப்பா வைக்க நானே சுத்தம் பண்ணிய வட்டம். பதினோரு மாதமாக அந்த வட்டத்துக்குத் தினம் ஒரு சொம்புக் கஞ்சித் தண்ணீர். மேல்மண் மறுநாள் காலைக்குள் காய்ந்துவிடும், கண்ணுக்குத் தெரியாது. ஈரத்துக்கு மண் எடுத்ததோ ஒரு முழம் தள்ளி.

மறுநாள் டப்பாவை எடுத்தபோது மூன்றாம் நம்பர் ஏறியிருந்தது. நம்ப மனசில்லாமல் அன்று ஒன்பதாம் நம்பர் வெட்டவெளியில் தூக்கைக் கழுவி ஊற்றினேன். ஒரு புல்லும் முளைக்காத அந்த மொட்டை மண், அதற்கு மறுநாள், மரத்தடி மாதிரி மூச்சு விட்டது.

அன்று வெள்ளிக்கிழமை. சார் வர ஒரு நாள் இருந்தது. சொல்லாமல் இருந்துவிட எனக்கு எல்லா வசதியும் இருந்தது. தினமும் கஞ்சி ஊற்றிக்கொண்டே இருந்தால் போதும், மரம் அதிசய மரமாகவே இருந்துவிடும். யாருக்கும் தெரியாது. யோசனை கேட்க ஒரு ஆள் இல்லை. மரத்திடம் கேட்க அன்றைக்கு எனக்கு வெட்கமாக இருந்தது. அது பாவம், செய்யாத காரியத்துக்குப் பேர் வாங்கிக்கொண்டு நின்றது. என் நிலைமையும் அதுதான்.

சனிக்கிழமை சார் வந்தார். நேராக மூன்றாம் நம்பருக்குப் போனோம். பையிலிருந்து டைப் அடித்த தாள்களை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"சார், இந்த மரத்துல ஒண்ணும் இல்ல சார்."

"என்ன ஒண்ணும் இல்ல?"

"நான் இங்கதான் சாப்பிடறேன் சார்."

"சாப்பிட்டு?"

"தூக்கக் கழுவி இங்கயே ஊத்தறேன்."

"இங்கன்னா எங்க?"

"டப்பா வெக்கற வட்டத்துல சார். அங்கதான் முள்ளு இல்ல."

"எத்தன நாளா?"

"மொத நாள்லேருந்து சார்."

அவர் மரத்தைப் பார்த்தார், வட்டத்தைப் பார்த்தார், நாங்கள் தோண்டிய வேரைப் பார்த்தார். பிறகு கீழே உட்கார்ந்து, நோட்டில் ஒரு புதுப் பக்கத்தைத் திருப்பினார். குரல் கொஞ்சமும் மாறவில்லை.

"எவ்வளவு தண்ணி?"

"ஒரு சொம்பு சார்."

"வெறும் தண்ணியா?"

"கஞ்சி ஒட்டியிருக்கும் சார்."

"உப்பு?"

"போடுவேன்."

"ஊறுகா?"

"எப்பவாவது சார். எலுமிச்ச."

எலுமிச்சை என்று எழுதிக்கொண்டார்.

"இது வேற யாருக்காவது தெரியுமா?"

"ஆடுங்களுக்குத் தெரியும் சார்."

"நாலு மரத்துலயும் நிழல் இருக்கே. ஏன் இங்க?"

"இங்கேருந்து பஸ் தெரியும் சார்."

அதை அவர் எழுதவில்லை. பென்சில் சும்மா தாள்மேல் நின்றது. என் கையிலிருந்த கட்டுரையை வாங்கி நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார். பதினோரு மாத நோட்டில் மூன்றாம் நம்பர் வரிகளை எல்லாம் ஸ்கேல் வைத்து, நேராக, ஒவ்வொன்றாக அடித்தார். அடித்து முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. அந்த ஒரு மணி நேரத்துக்கு அவர் திட்டியிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

அன்று சாயங்கால பஸ்ஸுக்கு அவர் போகவில்லை. ஐந்து நாள் என் கொட்டகையில் தங்கினார். எந்தத் தெரு என்று அவர் கேட்கவில்லை, நான் வைத்த சோற்றைச் சாப்பிட்டார். ஒரு நாள் அவர் உப்புமா கிண்டினார், அதை ஆடுகளுக்குக்கூடப் போட முடியவில்லை. மரத்தடி, புதரடி, வெட்டவெளி மூன்றிலும் வெறும் தண்ணீரை அளந்து ஊற்றினோம். பக்கத்தில் கஞ்சித் தண்ணீரை அளந்து ஊற்றினோம். காய்ந்த மண் எல்லாமே எகிறின. வெட்டவெளி ஒரு நாள் எகிறி மறுநாளே படுத்துவிட்டது. நிழலும் சருகும் இருந்த மரத்தடி நாலு நாள் தாக்குப் பிடித்தது. காய்ந்த காட்டு மண்ணைத் தட்டி எழுப்புவது ஈரம், அது எத்தனை நாள் விழித்திருக்கும் என்பதைச் சொல்வது செடி. அவர் கேட்ட கேள்விக்கு ஒரு பதில் கிடைத்தது. அதிசய மரம் கிடைக்கவில்லை. கண்ணாடி ஒரே ஒரு முறை துடைக்கப்பட்டது.

பஸ் ஏற்றிவிடப் போனேன். "இந்த வருஷம் உங்க ஆர்டர் வராது" என்றார். "மூணாம் நம்பர வெச்சுத்தான் எழுதியிருந்தேன். அந்தக் கடிதத்த நானே திருப்பி வாங்கணும். தற்காலிகத்த இன்னும் ஒரு வருஷம் நீட்டிக்கக் கேக்கறேன். கெடைக்குமான்னு சொல்ல முடியாது." கிடைத்தது. நிரந்தரம் அதற்கு அடுத்த வருஷம் வந்தது. ஆனால் அன்றைக்கு பஸ் ஸ்டாண்டில் நின்றவனுக்கு அது தெரியாது. அப்பாவுக்கு எழுத வேண்டிய கார்டு சட்டைப் பையில் காலியாக இருந்தது.

கொட்டகைக்குப் போகப் பிடிக்கவில்லை. ஈயம் விட்டுப்போன ஒரு டப்பாவைப் பற்ற வைக்க வேண்டும் என்ற சாக்கில் இஸ்மாயில் பாய் கடைக்குப் போனேன். அங்கே இரண்டு மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். இவ்வளவு நாள் பேசாத வாய் அன்றைக்குத் திறந்துகொண்டது. மரத்தடிக் கஞ்சியில் ஆரம்பித்து, அதிசய மரம், சார் மண்ணை அள்ளிப் போட்டது, எலுமிச்சை ஊறுகாயை எழுதிக்கொண்டது, ஆடு சாட்சி வரைக்கும் நடித்தே காட்டினேன். உட்கார்ந்திருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாய் மட்டும் டப்பாவைத் திருப்பித் திருப்பி ஈயம் வைத்துக்கொண்டிருந்தார். வேலை முடிந்ததும் டப்பாவை என் பக்கம் தள்ளினார்.

"இதுல சிரிக்கறதுக்கு இன்னா இருக்குது தம்பி? ஒரு மனுசன் பதினோரு மாசம் மரத்தண்ட ஒக்காந்து தனியா துன்னுகினு இருந்துகீறான்."